சங்கத்துக் கல்லில் ஒரு வரி

ஜூலை 5, சனி

விடிந்ததிலிருந்து மழை. கரியாஹாட் மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர். போனது கத்தரிக்காய்க்கு, வந்தது ஒற்றைச் செருப்போடு. மனைவி பார்வதி என் காலைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

வாங்க: பி.பி. மாத்திரை, கொசுவர்த்தி, செருப்பு.

மாலை தமிழ்ச் சங்கத்தில் கமிட்டி. பவள விழாவுக்கு வாசல் சுவரில் கல் பதிக்கப் போகிறார்களாம், சங்கத்தின் வரலாறு செதுக்கி. எழுதும் பொறுப்பு என் தலையில். காரணம்: மகள் மீனா பண்டைக்கால வரலாற்றில் பி.எச்.டி. செய்கிறாள். இந்தக் கணக்கில் கண் டாக்டரின் அப்பா கண் ஆபரேஷன் செய்யலாம். ஐ.டி.ஐ. முடித்து, துறைமுக ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தவன் நான். இருந்தாலும் தலைவர் 'சுப்பையா சார்தான் கரெக்ட்' என்றதும் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. பொய் எதற்கு.

ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டது. புழுக்கம்.

கோதண்டம் அண்ணாச்சியைப் பார்க்க பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் போனேன். ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை மட்டும் பெரிதாகத் தெரிகிறது, மற்றதெல்லாம் வற்றிவிட்டது. பார்வையும் மங்கல். மதினி அவருக்குக் கஞ்சி, எனக்கு டீ.

கல் விஷயம் அவர் காதுக்கு முன்பே வந்திருந்தது.

"நீருதான் எழுதுதீராமே?"

"வேற ஆள் கெடைக்கல அண்ணாச்சி."

"அது தெரியுது." சிரித்தார். இருமினார். இருமல் அடங்கியதும், "எம் பேரு வேண்டாம்வே. ஞாயித்துக்கெழம தமிழ் வகுப்பு ஒண்ணு நடந்துதுன்னு ஒரு வரி. அது போதும்."

போடுகிறேன் என்றேன். இது ஒரு பெரிய காரியமா.

சங்கம் என்றால் எனக்கு அந்த வகுப்புதான். வருஷக்கணக்காக, ஞாயிறு காலை, ஹாலில் பாய் விரித்து. இந்த ஊரில் பிறந்து பெங்காலியில் கனவு காணும் நம் பிள்ளைகளுக்கு அ, ஆ போட்டுக் கொடுத்தவர் அவர். மீனாவுக்கும். பிறகு இப்போதைய தலைவர் வந்தார். ஹால் கல்யாணப் பந்திக்கு வாடகைக்குப் போயிற்று. பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்கு, வராந்தாவிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டுக்கு. சாம்பார் வாளி தூக்கிப் போகிறவர்கள் 'சைடு, சைடு' என்று அதட்டுவார்கள். பெற்றவர்கள் அனுப்புவதை நிறுத்தினார்கள். சங்கத்தின் ஆண்டறிக்கையில்: மாணவர் ஆர்வமின்மையால் வகுப்பு நின்றது.

இதை மீனாவிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"எகிப்து ராஜாவும் ஹிட்டைட் ராஜாவும் ஒரு சண்ட போட்டாங்கப்பா. எகிப்துக் கோயில் சுவரு பூரா எங்க ராஜா ஒத்த ஆளா ஜெயிச்சாருன்னு படம். அந்தப் பக்கத்துக் களிமண் பலகையில வேற கத. அவங்கதான் ஜெயிச்சாங்களாம்."

"சரி, நெசமா யாரு ஜெயிச்சது?"

"செத்தவங்க யாரும் எழுதல, அப்பா."

இவளைக் கல்யாணம் செய்துகொள்கிறவன் பாவம்.

ஜூலை 9, புதன்

வெயில். செருப்பு வாங்கினேன், கடிக்கிறது.

கல்லுக்கு எழுதியதைத் தலைவரிடம் கொண்டுபோனேன். பத்து வரி. ஆறாவது வரி: 'ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடந்தது.' பெயர் இல்லை. அண்ணாச்சி சொன்னபடியே.

தலைவர் நல்ல மனிதர்தான், கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். பிடித்தபடியே ஆறாவது வரியை அடித்தார்.

"சார், நடக்காத கிளாஸைக் கல்லுல போட்டா, ஏன் நின்னுதுன்னு நாளைக்கு எவனாவது கேப்பான். நல்ல விஷயத்துல எதுக்கு சார் இதெல்லாம்?"

"ஒரு வரிதானே சார்."

"ஒரு வரிதானேன்னுதான் நானும் சொல்றேன்."

அந்த இடத்தில் இப்போது: 'தற்போதைய தலைவரின் அயராத முயற்சியால் குளிர்சாதன வசதியும் நவீன சமையற்கூடமும் அமைந்தன.' இதற்கு நான் ஒரு திருத்தம் சொன்னேன். 'அயராத' வேண்டாம், 'அரிய' நன்றாக இருக்கும் என்று. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த ஒரே எதிர்ப்பு இதுதான். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வீட்டில் மீனா ஒரு சீனக் கதை சொன்னாள். ஒரு மந்திரி அரசனைக் கொன்றான். அரண்மனை எழுத்தர் அதை அப்படியே எழுதினார். மந்திரி அவரைக் கொன்றான். தம்பி வந்து அதையே எழுதினான். அவனையும். அடுத்த தம்பி. அவனையும். கடைசித் தம்பி வந்து அதே வரியை எழுதியதும் மந்திரி ஓய்ந்துபோய் விட்டுவிட்டானாம்.

நல்ல குடும்பம். நான் அதில் பிறந்திருந்தால் முதல் அண்ணன் விழுந்த அன்றே 'அரிய' போடலாமா என்று கேட்டிருப்பேன்.

ஜூலை 12, சனி

அண்ணாச்சி போன் செய்தார். மதினிதான் போனைக் காதில் பிடித்திருக்க வேண்டும். "என்னவே, ஆச்சா?" ஆயிற்று அண்ணாச்சி என்றேன். எழுதிக் கொடுத்தது ஆயிற்று. அதில் பொய் இல்லை.

ராத்திரிக்கு உப்புமா. பார்வதி: "நீங்க எதுக்குக் கமிட்டில நிக்கணும், உக்காரணும்? வாயத் தொறக்கத் தெரியாதவருக்கு." நியாயம்.

ஜூலை 16, புதன்

மறுபடி மழை.

காலையில் மீனா தோசைக்கு நடுவில் சொன்னது: மெசபடோமியாவில் ராஜாக்கள் கோயில் கட்டும்போது, எழுதிய பலகையை அஸ்திவாரத்துக்குள் புதைப்பார்களாம். யாரும் பார்க்க முடியாது. சாமி பார்க்கும். என்றைக்காவது கோயில் இடிந்து இன்னொரு ராஜா தோண்டும்போது அவன் பார்ப்பான். எடுத்து எண்ணெய் பூசித் திரும்ப அங்கேயே வை என்று அதிலேயே எழுதியிருக்குமாம்.

என் மண்டையில் முதன்முறையாக ஒரு விளக்கு எரிந்தது. கல்லின் பின்பக்கம். சுவரைப் பார்த்திருக்கும் பக்கம். அங்கே அந்த ஒரு வரியைச் செதுக்கச் சொன்னால்? தலைவருக்குத் தெரியாது. சாமி பார்க்கும். அண்ணாச்சியிடம் நெஞ்சில் கை வைத்து 'இருக்கு' என்று சொல்லலாம்.

காகிதத்தில் வரியைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு கல் கடைக்கு ஓடினேன். அங்கே தமிழ் தெரியாது. கொடுத்த எழுத்தைப் படம் மாதிரி பார்த்துச் செதுக்குகிறார்கள், அவர்களுக்கு எல்லா வரியும் ஒரே வரிதான். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையை விரித்தார். "ஹோயே கெச்சே, காக்கு." முடிந்துவிட்டதாம், நேற்றே வண்டியில் ஏற்றிவிட்டார்களாம்.

சங்கத்துக்குப் போனேன். கல் சுவரில் இருந்தது. ஓரத்தில் சிமெண்ட் ஈரம் காயவில்லை. கொத்தனார் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஈர சிமெண்டில் விரலால் எழுதிவிடலாமா என்று தோன்றியது. விரலை வைத்தேன். கொத்தனார் முறைத்தார். எடுத்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

விழா. மேகமூட்டம், மழை இல்லை. கேசரி, வடை, ஃபில்டர் காபி. கூட்டம் நல்ல கூட்டம்.

தலைவர் திரையை இழுத்தார். கைதட்டல். எல்லோரும் கல்லோடு செல்ஃபி. சால்ட் லேக்கிலிருந்து வந்த ஒரு பெண், நம் கமிட்டி மணியத்தின் மருமகள், கேட்டாள்: "அங்கிள், இதுல என்ன எழுதியிருக்கு? கேப்ஷன் போடணும்." பக்கத்தில் நின்ற நான்கைந்து பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரிய வேண்டியிருந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் பந்திக்குப் போய்விட்டிருந்தார்கள்.

தலைவர் மைக்கைக் கொடுத்தார். "எழுதினவரே படிக்கட்டும்."

படித்தேன். பத்து வரியும். ஆறாவது வரி வந்தபோது என்ன வேண்டுமானாலும் படித்திருக்கலாம், அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தலைவர் பக்கத்தில் நின்றார். 'அரிய முயற்சியால்' என்றே படித்தேன். உச்சரிப்பு சுத்தம் என்றார்கள். அந்த உச்சரிப்பும் அண்ணாச்சி எனக்குத் திருத்திக் கொடுத்தது.

நேராக அவர் வீட்டுக்கு. பையில் இரண்டு வடை, அவர் தின்ன முடியாது என்று தெரிந்தே.

"போட்டிருக்கா?"

"போட்டிருக்கு அண்ணாச்சி."

"வாசியும்."

வாசித்தேன். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. வடை சுற்றிய காகிதம். ஒரு வரி கேட்ட மனிதருக்கு மூன்று வரி கொடுத்தேன். கல் முன்னால் வாய் வராதவனுக்கு இங்கே தாராளம். பாய், பிள்ளைகள், அவர் பெயர், எல்லாம் வந்தன. மதினி அடுப்படி வாசலில் நின்று கேட்டார்கள். அழுதார்கள்.

அண்ணாச்சி கண்ணை மூடியிருந்தார். "நல்லாருக்கு. இன்னொரு மட்டம் வாசியும்."

வாசித்தேன். பாதியிலேயே தெரிந்துவிட்டது, முதலில் சொன்ன வார்த்தைகள் இவை இல்லை. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு டிக்டேஷன் போட்டவர். இரண்டாம் தடவையும் அதே வார்த்தை வருகிறதா என்று கேட்பவர்.

கண்ணைத் திறக்காமலே, "போட்டோ எடுத்தீரா?"

"மீனா எடுத்தா."

"அனுப்பச் சொல்லும். மதினி பெருசாக்கிக் காட்டுவா."

வடையை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 21, திங்கள்

மழை. பால் வரவில்லை. பி.பி. மாத்திரை இன்னும் வாங்கவில்லை.

மதினி இரண்டு தடவை போன். போட்டோ வரவில்லையே, அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், மூச்சு சரியில்லை.

மீனாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வரலாற்றில் பொய் என்றால் அவளுக்கு ஆகாது. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"பொய்ப் பட்டயம்னு உண்டுப்பா. நெலம் கையவிட்டுப் போனப்புறம், செத்துப்போன ராஜா பேர்ல செப்புத் தகட்டுல எழுதி வெச்சிருவாங்க. எங்களுக்குத்தான் குடுத்தாருன்னு. எழுத்தோட ஜாடையப் பாத்தே நாங்க கண்டுபுடிச்சிருவோம்."

"கண்டுபுடிச்சு?"

"பொய்னு எழுதி வெச்சிருவோம்."

கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பை எடுத்து வந்தாள். கல்லின் போட்டோவைத் திறந்தாள். ஆறாவது வரியைப் பெரிதாக்கி, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "அதே கல்லு, அதே எழுத்து. பத்து நிமிஷம் போதும். சொல்லுங்க, மொதத் தடவ வாசிச்சதப் போடவா, ரெண்டாவதயா?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டும் நினைவில் இல்லை.