டத்தோவின் தலையும் எங்கள் பரிவட்டமும்

ஏப்ரல் 9, வியாழன்

மழையே இல்லை. குழாயில் காற்றுதான் வருகிறது. காலையில் கோயில் பந்தலுக்குக் கம்பு இறக்கினார்கள். பரிவட்டத் துணி வாங்க பீடோங் போய் வந்தேன். மஞ்சள் பட்டு, சிவப்புக் கரை. போன வருடத்தைவிட மட்டம். அதே சரக்குதான் என்று கடைக்காரன் சத்தியம் செய்கிறான்.

மாலையில் அது நடந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வாட்சாப் குழு. கோயில் தலைவர் மணியம், பெருமைக்காக டத்தோவையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறார், புரவலர் என்று. டத்தோ என்பது அரசு கொடுத்த பட்டம்; ஆள் தோட்டக் கம்பெனியின் தலைவர். வருடா வருடம் முதல் மரியாதை அவர் தலைக்கு. வெள்ளைக்காரத் துரை காலத்துப் பழக்கம். துரை கப்பல் ஏறிவிட்டான், பழக்கம் இங்கேயே இருக்கிறது. கட்டிவிடுகிறவன் நான்.

தன் மனேஜருக்கு அனுப்ப வேண்டிய குரல் செய்தியை டத்தோ எங்கள் குழுவில் போட்டுவிட்டார். மலாயில். சிரித்துக்கொண்டே. இந்தியர்களை அழைக்கும் அந்தப் பழைய வசவுச் சொல்லோடு. தமிழில் சொன்னால்: ‘ரெண்டு ஆடும் ஒரு பந்தலும் கொடுத்தால் இவனுங்க வாலாட்டுவானுங்க. அந்தத் துணியை என் தலையில் சுற்றினால் எண்ணெய் நாற்றம் லேசில் போகாது.’ கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டார். அதற்குள் லயத்து வீடுகளில் பாதிப் பேர் கேட்டாயிற்று. கேட்டவர்கள் அனுப்பியும் ஆயிற்று.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்ச காலம். மலாய், ஆங்கிலம் எல்லாம் பேப்பர் பார்த்து நானே படித்தது. யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டத்தோ என்ன இனம் என்று இங்கே எழுத மாட்டேன். பேசியது ஒரு வாய்.

ஏப்ரல் 10, வெள்ளி

தூக்கம் சரியில்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது.

மணியம் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணே, டத்தோ போன் பண்ணாரு. வெளையாட்டுக்குப் பேசுனதாம். சோரி சொல்லிட்டாரு. விட்ருங்கண்ணே.”

“யாருக்குச் சொன்னாரு?”

“எனக்குத்தான்.”

“ஒன்ன மட்டுமா பேசுனாரு? எல்லாரையும் பேசுனாரு. எல்லாருக்கும் சொல்லட்டும்.”

“கோயில் நிக்கிறது கம்பெனி நெலம்ணே. நாளைக்கே எடுன்னா அம்மன எங்க தூக்கிட்டுப் போறது?”

அந்தப் பயம் எனக்கும் உண்டு. அவரிடம் காட்டவில்லை. இந்த வருடம் அந்தத் தலைக்குக் கட்ட மாட்டேன் என்றேன்.

“நீங்க கட்டலன்னா நான் கட்டுறேன்.”

“கட்டிப் பாரு.”

ஏப்ரல் 12, ஞாயிறு

சுங்கை பட்டாணி போலீஸ் நிலையம், டத்தோ மேல் ரிப்போட் கொடுக்க. ஹலிம் தன் லாரியில் கூட்டிப் போனான். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரன், கிராமத்து ஆள், செம்பனைக் குலை ஏற்றுகிறவன். அவனுக்கும் அந்தப் பேச்சு வந்து சேர்ந்திருக்கிறது. “இனி தக் போலே, அங்கிள்” என்று வழி முழுக்க அதையே சொன்னான். இதை விடக் கூடாதாம். என்னைவிட அவனுக்குக் கோபம். வண்டியை அந்தக் கோபத்திலேயே ஓட்டினான்.

நிலையத்தில் இருந்தவர் மாமா முறை சொல்லி மரியாதையாகத்தான் கேட்டார்: தனியாகப் பேசியதுதானே பாக்சிக், இதற்கு ரிப்போட் எதற்கு? மலாயிலேயே பதில் சொன்னேன். அவர் வீட்டுக் கதவில் நாங்கள் காது வைக்கவில்லை. எங்கள் கோயில் குழுவுக்குள் அவரே வந்து பேசினார். எழுதிக்கொண்டார்.

மாத்திரை வாங்க மறந்தேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. மெர்கோங்கிலிருந்து மகள் செல்வி போன்.

“ப்பா, இங்க ஃபேக்டரி கேண்டின்ல எல்லாரும் அதத்தான் கேட்டுட்டு இருக்காங்க லா. ரிப்போட் போட்டது எங்கப்பான்னு சொல்லவா வேணாமா?”

“சத்தமாச் சொல்லு.”

மாலையில் கம்பெனி அறிக்கை. விசாரணை முடியும்வரை டத்தோ பதவியில் இல்லை. திங்கட்கிழமை இயக்குநர்கள் கூடி முடிவெடுப்பார்களாம். அவர் பரிசு கொடுக்க இருந்த ஒரு பள்ளி விழாவும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. லயத்தில் பட்டாசு. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

வாசலில் பெரிய கறுப்புக் காடி வந்து நின்றது. டத்தோவே வந்தார், பழக்கூடையோடு. மணியம் பின்னால்.

“அண்ணே” என்றார் தமிழில். கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். மீதி மலாயில். சனிக்கிழமை திருவிழாவுக்கு வருவேன், மைக்கில் மன்னிப்புக் கேட்பேன், வழக்கம்போல நீங்கள் பரிவட்டம் கட்டுங்கள். ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்வோம்.

அந்தப் படம்தான் வேண்டும் அவருக்கு. திங்கட்கிழமை இயக்குநர்கள் மேசையில் வைக்க. தோட்டத்துச் சனமே மன்னித்துவிட்டது, நீங்கள் யார் கேட்க, என்று.

மைக் உண்டு, துணி கிடையாது என்றேன்.

கோயில் நிலம் விஷயமாக நான் பேச முடியும் என்றார், குரலைத் தாழ்த்தி.

பதவியில் இல்லாதவர் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டேன். மணியத்துக்கு இருமல் வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

கூடை வந்த காடியிலேயே திரும்பிப் போனது.

ஏப்ரல் 17, வெள்ளி

வெயில். வேலைகள்: வாழை மரம் கட்ட. தண்ணீர் டேங்கி நிரப்ப. மைக்செட்காரனுக்கு நினைவுபடுத்த. மாத்திரை (வாங்கியாச்சு).

குழாயடியில் பெண்கள் பேச்சு.

“எண்ணெ நாத்தமாம்! செம்பனெ எண்ணெயில சம்பாரிச்ச காசு மட்டும் மணக்குதோ?”

“அந்தத் தலையில துணி ஏறட்டும், பால்கொடத்த எறக்கி வச்சிட்டு நான் வீட்டுக்குப் போயிருவேன்.”

“நானுந்தான்.”

மணியம் அங்கேதான் நின்றார். மணியத்தின் மனைவியும் அந்தக் கூட்டத்தில்.

ஏப்ரல் 18, சனி

இரவு வெகு நேரமாகிவிட்டது. எழுத்து கோணல். ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

பால்குடம் எல்லாம் தயாராக வரிசையில். டத்தோ வந்தார், வெள்ளை ஜிப்பா, கூடவே படம் எடுக்கிறவன். மைக்கில் ஏறி, கைபேசியைப் பார்த்து வாசித்தார். செய்தி தவறான இடத்துக்குப் போய்விட்டதற்கு வருந்துகிறாராம். போன இடத்துக்குத்தான் வருத்தம்! பேசியதற்கு ஒரு வார்த்தை கிடையாது. சனத்துக்குப் புரிந்துவிட்டது. யாரோ பின்னாலிருந்து, “அப்ப சரியான எடத்துக்குப் போயிருந்தா பேசுனது சரியா டத்தோ?” என்று மலாயில் கேட்டான். ஹலிம் குரல் மாதிரி இருந்தது.

பிறகு வழக்கப்படி என் முன்னால் வந்து தலையைக் குனிந்தார். படக்காரன் முட்டி போட்டான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

துணி இருந்த தட்டு மணியம் கையில். நான் கட்டாவிட்டால் தான் கட்டுவதாகச் சொன்ன ஆள். என்னைப் பார்த்தார். பால்குட வரிசையைப் பார்த்தார். டத்தோ இன்னும் குனிந்தபடி. மணியம் தட்டோடு திரும்பி உள்ளே நடந்தார். அம்மன் காலடியில் வைத்தார். கைகூப்பினார்.

பெண்கள் குலவை இட்டார்கள் பாருங்கள், பந்தலே ஆடியது.

டத்தோ எப்போது நிமிர்ந்தார், தெரியாது. நான் திரும்பியபோது காடிக் கதவு சாத்தும் சத்தம்தான்.

என் வயதில் இப்படி ஒரு நாள். பால்குடம் எழும்பியபோது அழுதேன். வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

மணியத்திடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். அன்னதானத்தில் அவர் இலைக்கு நானே சாம்பார் ஊற்றினேன். நிறையவே ஊற்றிவிட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

மேகம். மதியம் தூறல்.

டத்தோ நீக்கம். கம்பெனி அறிக்கை மூன்று மொழியில். தமிழில் பிழைகள், இருந்தாலும் தமிழ். செல்வி போனில் கத்தினாள், காது இன்னும் அடைத்திருக்கிறது.

மாலையில் மணியம் ஓடி வந்தார். கம்பெனியின் புதுத் தலைவர் நாளை வருகிறாராம், கோயில் நிலத்தைப் பற்றிப் பேச.

“மாலை வாங்கிருவமாண்ணே? எந்தச் சட்டய போடறது?”

“வேலைக்குப் போற சட்டயே போதும். அவருதான நம்மகிட்ட வர்றாரு.”