கற்சுவர் முடியும் இடத்தில்

அம்மா,

பழைய கூட்டக் குறிப்பின் பிரதி என் மேசையில் கிடக்கிறது. கொழும்பில், வெள்ளவத்தைக் கடற்கரையில் கற்சுவர் போடுவது பற்றி இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த கூட்டம். உங்கள் பெயருக்கு நேரே, "தங்கள் வீட்டு வரிசையையும் கவனிக்குமாறு பணிவுடன் கேட்டார்" என்றிருக்கிறது. பணிவுடன்! நீங்களா?

அன்று அதிகாரி திரையில் படம் காட்டினார். காலநிலை மாறுகிறது, கடல்மட்டம் உயர்கிறது, கரையைக் காக்க வேண்டும் என்றார். மாடிக் குடியிருப்புகளின் முன்னால் ஓடிய சிவப்புக் கோடு, தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த நம் வீடுகளுக்குச் சற்று முன்பே நின்றது. நமக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லையாம். சுவர் முடிகிற இடத்தில் அலை இன்னும் மூர்க்கமாக அடிக்கும் என்பது அந்த மாடி வீடுகளில் சமையல் வேலை செய்துகொண்டிருந்த உங்களுக்கே தெரியும். அதிகாரிகளுக்குத் தெரியாதா?

நீங்கள் எழும்பினீர்கள். "எங்கட வீட்டுக்கு முன்னாலயும் கல்லைப் போடு, இல்லாட்டி அங்கயும் போடாத! உறுதியைப் பாத்தோ கடல் வருது? வெக்கமில்லையோ உங்களுக்கு?"

அதிகாரிக்குத் தமிழ் தெரியாததால், அதைச் சிங்களத்தில் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள். நம் வரிசையில் பட்டம் பெற்றவள் நான் ஒருத்திதானே. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கூசிப்போய், எங்களையும் தயவுசெய்து கவனிக்கும்படி அம்மா கேட்கிறார் என்றேன். அதிகாரி சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது கேட்டீர்கள்: "நான் ஏச ஏச அந்தாள் ஏனடி சிரிச்சது?"

நான் நடையை வேகமாக்கினேன்.

"ஓ... நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறன்" என்றீர்கள்.

சுவர் வந்தது. அடுத்த தென்மேற்குப் பருவக்காற்றில் நம் சமையலறை கடலோடு போனது. ஈரத் தரையில் படுத்துப் படுத்து உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. இயற்கை அனர்த்தம் என்கிறார்கள். அலை இயற்கைதான். அந்தக் கோட்டை யார் போட்டது? அதற்கு நானும் அல்லவா துணைபோனேன்!

நேற்று, சுவரை நீட்டுவதற்காக மறுபடியும் கூட்டம். அதே அதிகாரி. இம்முறை கோடு நம் வரிசையைத் தாண்டி, அடுத்த மாடிக் கட்டடத்தின் முன்னால் தொடங்கியது. நான் எழும்பினேன். நீங்கள் ஏசியதை ஒரு சொல்லும் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "மிஸ் படிச்ச ஆள்தானே, மரியாதையாக் கதைக்கலாமே?" என்று சிங்களத்தில் சொன்னார்.

பின்னாலிருந்து பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்: "இன்னொருக்காச் சொல்லு பிள்ளை, அவருக்குக் கேக்கேல்லைப் போல!"

சொன்னேன். முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான். உங்கள் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை அம்மா. உங்கள் ஏச்சு மட்டும் முழுதாக என்னிடம் இருக்கிறது.