குழாயைக் கழற்றிய நார்பர்ட்

என் கணவர் ஆர்விலுக்கு வெர்னா எழுதுவது. இடுப்பு வலி தேவலையா? நான் நலம். நான் கூலிக்கு வந்த இந்த டகோட்டாவில், சர்க்கரை பீட்ரூட் அறுவடை முடிவதற்குள் பனி முந்திக்கொண்டது. தண்ணீர் உறையாதிருக்க, நம் வீட்டில்போல், தங்கியிருக்கும் டிரெய்லர் வண்டியிலும் குழாயைச் சொட்டவிட்டே படுக்கிறேன். காலையில் பார்த்தால் தண்ணீரே வராது.

நேற்று இரவு படுத்த பிறகு வெளியே சத்தம் கேட்டுப் போய், பக்கத்து டிரெய்லர் நார்பர்ட் என் வண்டிக்குத் தண்ணீர் வரும் ரப்பர் குழாயைக் கழற்றும்போது பிடித்துவிட்டேன்.

"யாரைக் கேட்டுத் தொட்டே?"

"கோவிக்காதீங்கம்மா. சொட்டவிடுறது வீட்டுக்குச் சரி. இங்க அந்தச் சொட்டே கழிவுக் குழாயில உறைஞ்சு வெடிச்சிடும். அப்புறம் வேலையை விட்டுட்டு ஊருக்குத்தான் போகணும். அதான் தினம் ராத்திரி கழட்டி வடிச்சு வைக்கிறேன்."

காலையில் மற்ற டிரெய்லர்காரர்களிடம் விசாரித்தேன், உண்மைதான். இருந்தாலும் கேட்காமல் உதவுகிறவனை எப்படி நம்புவது? தனியாள் என்று நோட்டம் பார்க்கிறானோ?

உங்கள் பழைய பூட்ஸை அனுப்புங்கள், உள்ளே ஓர் ஆண் இருப்பதாகத் தெரிய என் டிரெய்லர் படியில் கிடக்கட்டும். துடைக்காதீர்கள், நம் கொல்லைச் சேற்றோடு வரட்டும். வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி வந்துவிட்டது.

வெர்னா