உன் தோளுக்கு வார்த்த இருக்கை

நண்பனே,

இன்று காலை ஒருவர் உன் இருக்கையில் பத்து நிமிடம் இருந்துவிட்டு, முதுகு நோகிறது என்று எழும்பினார். நம்முடைய முதல் வண்டியை வாங்க வந்தவர். "எல்லாம் நல்லா இருக்கு தம்பி. ஆனா இந்த சீட் இடப்பக்கம் தாழ்ந்து கிடக்கு. ஆருக்கு அளவெடுத்துச் செய்தனீங்கள்?" என்று கேட்டார். அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் அதைக் கழற்றிவிட்டுப் பொது அளவு இருக்கை ஒன்றைப் பூட்டச் சொன்னார். ஓம் என்றேன். அவரிடம் எனக்கு வேறு சொல் வராது என்பது உனக்குத் தெரியாததா?

கொழும்பு முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் கிளாஸ் உடம்பு வார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நீ. மின்சாரத்தில் ஓடும் சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் செய்யப் போகிறோம், உள்ளே இரண்டு இருக்கைதான், அதன் உடம்பை நீ செய்ய வேண்டும் என்று உன்னைக் கொட்டாஞ்சேனைக் கொட்டகைக்கு இழுத்து வந்தவன் நான். பள்ளியில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்த உரிமை. நீ வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"ரெண்டு பேருக்கு மட்டுமா? எங்கட வீட்டுல மூணு பேர்டா. ஒராளக் கூரையில கட்டுறதா?"

மோட்டரும் மின்கலமும் என் பொறுப்பு. நான் கணினியில் அளந்து சரி என்று சொன்ன வளைவை, நீ கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்துப் பிழை என்பாய். எனக்குக் கோபம் வரும். திரும்ப அளந்தால் நீ சொன்னதுதான் சரியாக இருக்கும், அது இன்னும் கோபத்தைக் கிளப்பும். கதவு இடுக்குகளுக்கு மட்டும் மூன்று மாதம் எடுத்தாய். குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்து அடித்துப் பார்த்தாய். "மச்சான், நான் செய்த ஒரு போட்டுக்குள்ளயும் இதுவரைக்கும் தண்ணி வந்ததில்ல. ரோட்டுல ஓடுற சாமானுக்குள்ள வந்தா எனக்கு மானம் போயிரும்" என்றாய். வண்டிக்குச் சோளகம் என்று கடற்காற்றின் பெயரை வைத்ததும் நீதான்.

இருக்கை வார்த்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெரிய பொலித்தீன் பைக்குள் நுரை மருந்தை ஊற்றி, அது பொங்கி இறுகும்வரை அதன்மேல் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். ஓட்டுநர் பக்கம் நான், இடப்பக்கம் நீ. உடம்பின் கீழே சூடு ஏற ஏற உனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல் பை வீணாய்ப் போனது. இரண்டாவதற்கு நான் அதட்டி உன்னை இருத்தினேன். சின்ன வயதில் படகொன்று மேலே சரிந்து விழுந்ததில் தாழ்ந்துபோன உன் இடது தோள் அப்படியே அதில் பதிந்தது. வேறு ஆளை வைத்து வார்ப்போமா என்று கேட்டேன். "முதல் ஓட்டம் நாம ரெண்டு பேரும்தானே. மத்தவன் அளவு எதுக்கு?" என்றாய்.

காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டலில் அறிமுக விழா. வண்டியை நாம் இருவரும் மண்டபத்துக்குள் ஓட்டி வருவதாகத்தான் ஏற்பாடு. நீ புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தாய். கடைசி நேரத்தில் முதலாளி வந்தார். "படமெடுக்கிறவை நிக்கினம். பக்கத்தில நான் இருக்கிறன், என்ன?" ஓம் என்றேன். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. இடப்பக்கக் கதவைச் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டும், அந்தச் சூட்சுமம் உன் கைக்கு மட்டுமே பழகியிருந்தது. அதனால் அவரை ஏற்றிக் கதவைச் சாத்தியவனும் நீதான். "பரவால்ல மச்சான். நம்பர் பிளேட் வரட்டும், கடற்கரை ரோட்டால எங்கட வீடு வரைக்கும் போவோம்" என்றாய்.

இலக்கத்தகடு வந்த ஞாயிற்றுக்கிழமை அதே சட்டையோடு கொட்டகையில் காத்திருந்தாய். நானோ முதலாளி சொன்ன ஒரு பெரிய மனிதரை ஏற்றிக்கொண்டு நீர்கொழும்புக்குப் போய்விட்டேன். "வாற ஞாயிறு கட்டாயம்" என்று போனில் சொன்னேன். சரி என்றாய். அந்த வியாழக்கிழமை உன் நெஞ்சு நின்றுவிட்டது.

அடக்கத்துக்கு வந்த நான் அதற்குப் பிறகு உன் வீட்டுப் படி ஏறவில்லை. உன் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயம், வேறொன்றுமில்லை. இன்று அந்த இருக்கையைக் கழற்று என்றதும் பொறுக்க முடியவில்லை. யாரிடமும் கேளாமல் வண்டியை எடுத்தேன். வெள்ளவத்தை வரை போய், அங்கிருந்து கடலோர மரைன் டிரைவ் சாலையைப் பிடித்து, நீ சொன்னபடி கடற்கரையோரமாக முகத்துவாரம் வரை வந்தேன். இடப்பக்கம் காலியாக இருந்தது. நடந்ததையெல்லாம் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

அவள் வாசலுக்கு ஓடி வந்தாள். வண்டியைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, இதுலதானே அந்த ஞாயிறு ரெண்டு பேரும் போனீங்க? வந்த நேரத்துலருந்து அதே கதைதான். வெள்ளவத்தை வரைக்கும் போனீங்களாம், சத்தமே இல்லயாம். நடுவுல மழ புடிச்சிச்சாம், ஒரு சொட்டு உள்ள வரலயாம். சாகிற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

கொட்டகையில் எத்தனை மணி நேரம் தனியாக இருந்துவிட்டு நீ வீட்டுக்குப் போனாய்? அந்த மழையை எங்கே உட்கார்ந்து யோசித்தாய்? அது உன் வெட்கத்தை மறைக்கவா, உன் வீட்டார் முன் என் மானத்தைக் காப்பாற்றவா? கேட்க நீ இல்லை. சொல்ல வந்த மன்னிப்பை விட்டுவிட்டேன்.

"ஓம் தங்கச்சி, ஒரு சொட்டும் வரேல்ல" என்றேன்.

உன் மகள் காரைச் சுற்றி வந்து அந்த இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா பயந்தாரா மாமா?"

"ஒரு வளைவில மட்டும் என்ர கையைப் பிடிச்சவர், மகள்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே உள்ளே ஏறினாள். அவளுக்கும் அது பொருந்தவில்லை. தோளைச் சரித்துச் சரித்துப் பார்த்து, கடைசியில் அந்தப் பள்ளத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அதைக் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டு வருவேன். முதலாளிக்கு வேண்டியது வண்டி, இருக்கை அல்ல. இனி உன் மகள் என்னைக் காணும்போதெல்லாம் அது எந்த வளைவு, மழை எங்கே பிடித்தது என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் நான் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். நாம் போகாத அந்தப் பயணத்தை இப்போது ஒரு வளைவும் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.