குபாவில் நிற்காத பஸ்

ஜூலை 11, 98. சனி. மதீனாவிலிருந்து ஜித்தா போகும் வழி.

காலை எட்டுக்கே நெருப்பு வெயில். குபா பள்ளிவாசலில் எங்கள் பஸ் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து, சன்னல் வழியே காட்டிவிட்டு, நேரே ஏர்போர்ட் பக்கம் விட்டுவிட்டான் டிரைவர்.

தங்கும் இடத்திலேயே கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு போய்க் குபாவில் இரண்டு ரக்அத் தொழுதால் மக்கா போய் ஒரு உம்ரா செய்த நன்மை. என் மனைவி சபுரா ஹூஸ்டனிலிருந்து கிளம்பியதே அதற்காகத்தான் எனலாம். பாத்ரூம் போக நேர்ந்தால் ஒளு முறியுமே என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான்கு மணி நேரம்.

பஸ் நின்ற இடங்கள்: உஹது மலை, பத்து நிமிடம். இரு கிப்லா பள்ளி, கால் மணி. அகழ்ப்போர் நடந்த இடம், இறங்கவே விடவில்லை. பேரீச்சம்பழக் கடை, ஒன்றேகால் மணி நேரம்!

ஹூஸ்டனிலிருந்து எங்களைக் கூட்டிவந்த ஏஜென்ட் கலீல் கடைக்காரனோடு உள்ளே டீ குடித்தான். எனக்கா புரியாது? ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் தெருவில் என் மளிகைக்கடை வாசலில் வெளியூர் வேன் நிற்பதற்கு டிரைவரை நான் எப்படிக் கவனிக்கிறேன் என்று எனக்குத் தெரியாதா.

"கலீல், பஸ்ஸை நிறுத்தச் சொல்லு."

"ஃப்ளைட் மிஸ் ஆயிடும் காக்கா. சன்னல்ல இருந்தே துஆ கேளுங்க, அல்லாஹ் ஏத்துக்குவான்."

நபியின் ஊர். குரலை உயர்த்தக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு திட்டியதில் பாதி எனக்கே கேட்கவில்லை.

சபுரா யாரையும் திட்டவில்லை. வியாழக்கிழமையே டாக்ஸி பிடித்துப் போய்வரலாம் என்றாள். "அதான் சனிக்கிழமை பஸ் போகுதே, டாக்ஸி எதுக்கு தண்டமா?" என்றவன் நான்.

ஜூலை 14. செவ்வாய். ஹூஸ்டன்.

மழை. ஏலக்காய்ப் பெட்டி இரண்டு நனைந்து வந்தன. திருப்பி அனுப்ப வேண்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஸம்ஸம் தண்ணீர், பேரீச்சம்பழம். பழத்தைச் சபுரா தொடவில்லை. அந்தக் கடையில் நானும் ஆறு பெட்டி வாங்கியிருந்தேன். விலை மோசமில்லை.

"குபால தொழுதீங்களா லாத்தா?" என்று பக்கத்து அபார்ட்மெண்ட் பெண்.

"பாத்தோம்."

மகள் பெரிய மனுஷி மாதிரி, "மாம், யூ ஸா இட், ரைட்? இட் கவுண்ட்ஸ்." சபுரா எழுந்து கிச்சனுக்குப் போனாள்.

டல்லாஸிலிருந்து அவள் தம்பி அன்வர் போன். அரை மணி நேரம் பேசினாள். என்னிடம் இன்று பேசியது மொத்தம்: "சாப்பாடு மேசைல இருக்கு."

ஜூலை 18. சனி.

கலீல் கடைக்கு வந்தான். ரமலானில் உம்ரா போகும் குரூப்புக்குப் போஸ்டர். கையோடு டேப்பும். போன தடவை இருபது பேரில் பதினான்கு பேர் என் கண்ணாடிக் கதவில் போஸ்டரைப் பார்த்து, என் பேச்சை நம்பிப் போனவர்கள். அது அவனுக்கும் தெரியும்.

"ஒட்டட்டுமா காக்கா?"

"அந்தப் பேரீச்சம்பழக் கடைல போய் ஒட்டு."

"உங்களுக்குத் தெரியாததா? நீங்க வேன் டிரைவருக்கு மாம்பழப் பெட்டி குடுக்கல?"

"என் கடைக்கு வந்தவன் மாம்பழத்த வாங்கிட்டுத்தான்டா போறான். சன்னல் வழியாக் காட்டியா அனுப்புறேன்?"

மதீனாவில் விழுங்கியது எல்லாம் வெளியே வந்தது. அரிசி வாங்க வந்த ஆண்டி ஒருத்தி நகரவே இல்லை. நல்ல வேடிக்கை அவளுக்கு.

கல்லாவில் இருந்த சபுரா எழுந்து வந்தாள். பில் புக்கைக் கவிழ்த்து வைத்து என் கையில் பேனாவைக் கொடுத்தாள்.

"சத்தம் போட்டது போதும். எழுதுங்க."

எழுதியது:

ரமலானில் சபுரா மறுபடி போகிறாள். டிக்கெட், விசா, ஹோட்டல் கலீல் பொறுப்பு. மதீனாவில் இடங்களைச் சுற்றிப் பார்க்கும் ஸியாரத் அன்று ஹோட்டலிலிருந்து நேரே குபா, மற்றதெல்லாம் பிறகு. கடைசிப் பெண் தொழுது வெளியே வரும்வரை பஸ் நகராது. பழக்கடை கிடையாது. பதிலுக்குப் போஸ்டர் ரமலான் வரை என் கதவில்.

கடைசி நிபந்தனை சபுரா சொன்னது: கூடப்பிறந்தவன் என்ற முறையில் மஹ்ரமாகத் துணைக்குப் போவது அன்வர். அவன் செலவு முழுக்க என்னுடையது. நான் கடையில்.