தமிழ் எழுத்துக்கு நான் போட்ட பூட்டு

ஞாயிறு, 14 ஆகஸ்ட் 1994. பிரிக்பீல்ட்ஸ்.

இன்று கணினி மன்றக் கூட்டத்தில் வழக்கம்போல் கதை அளந்தேன். என் அச்சுக்கடையில் இருக்கும் தமிழ் எழுத்துரு முழுக்க என் உழைப்பு, அதைப் பார்த்து ஜப்பான்காரனே அசந்துவிட்டான் என்றேன். உண்மையில் அது கைமாறி வந்த இலவச டிஸ்க். 'கேட்பவருக்குக் கொடுங்கள், விற்காதீர்கள்' என்று அதில் இருந்த வரியை அழித்துவிட்டு, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியதுதான் என் உழைப்பு.

கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர் எழுந்தார். "அங்கிள், என் டிஸ்க்ல பூஞ்சை புடிச்சிருச்சு. ஒரு காப்பி தருவீங்களா?"

"லைசன்ஸ் பிரச்சினை லா, டீச்சர். செஞ்சவனுக்குத்தான் அதோட கஷ்டம் தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் "சரி அங்கிள்" என்று உட்கார்ந்துவிட்டார்.

படியிறங்கும்போது மன்றச் செயலாளர் மணியம் மெல்லச் சொன்னார்: "அண்ணே, அந்த எழுத்த வரஞ்சதே அந்த டீச்சர்தான். நல்ல காப்பி இப்ப உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

நேரே கடைக்கு வந்தேன். பூட்டை எடுத்துவிட்டேன். நாளை கிள்ளானுக்குப் போய்க் கொடுக்க வேண்டும். இன்று தராததற்கு, வைரஸ் வந்து பூட்டிவிட்டது என்று சொல்லலாம். நம்பிவிடுவார். அழித்த வரியைத் திரும்ப அடித்தேன். முன்பு அதன் கீழே அவர் பெயரும் இருந்தது, அதையும் அழித்திருந்தேன். என்ன பெயர் என்று நினைவில்லை. அவரிடமே கேட்டுத்தான் அடிக்க வேண்டும்.