கிளினிக் வாசலில் ஒரு குழாய்

2023 ஜூன் 12, திங்கள்

எங்கள் ஊர் துணை சுகாதார நிலையம் இனி பஞ்சாயத்தின் பொறுப்பு. எப்போது திறப்பது, என்ன வாங்குவது, எல்லாம் நாங்களே முடிவு செய்யலாம். தலைவியாக என் முதல் முடிவு: வியாழக்கிழமை டாக்டர் மாலை ஆறு மணிக்கு வரட்டும். பகலில் வந்தால் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

ஊருக்காகத்தான். ஆனால் இங்கே பொய் எழுதுவானேன், முதலில் நினைத்தது என் வீட்டுக்காரர் லோகுவின் இருமலைத்தான். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "ஷிப்டு போய்டும் மெர்சி" என்கிறார்.

ஜூன் 15, வியாழன்

கம்பெனி பஸ் நின்றது. இரும்பு உருக்காலை ஆட்கள் இறங்கி, கிளினிக்கைத் தாண்டி நேராக வீட்டுக்குப் போனார்கள். லோகுவும்தான்! நர்ஸ் அருணா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் கோபமும்.

ஜூன் 16

காலையில் நல்ல சண்டை. கடைசியில் வாயைத் திறந்தார்.

"கை காலெல்லாம் கரி. அந்த வெள்ளை பெட்ஷீட்ல எப்டி குந்துறது? ஊட்டுக்கு வந்து குளிச்சா அப்டியே தூக்கம் வந்துடுது."

அட ஆண்டவரே. இத்தனை வருஷமாக அந்தச் சட்டையைத் துவைக்கிறேன். எனக்கே தோன்றவில்லையே?

ஜூன் 20

கிளினிக் வாசலில் குழாய், சோப்பு, துண்டு என்று தீர்மானம். "எல்லாரும் மிஷின் கேப்பாங்க, நீ இன்னாம்மா குழா கேக்குற?" என்று வார்டு உறுப்பினர் தேசப்பன் கிண்டல் செய்தார். முதல் கையெழுத்தும் அவருடையதுதான். சென்னைக்கு எழுதிப் போட்டிருந்தால் எந்தக் காலத்தில் வரும்! நாளைக்கே பிளம்பர்.

ஜூன் 22, வியாழன்

குழாயடியில் கூட்டம், சிரிப்பு. லோகு முழங்கை வரை தேய்த்தார். கல்யாணத்தன்றுகூட இப்படித் தேய்க்கவில்லை மனுஷன். டாக்டர் நெஞ்சைப் பார்த்துவிட்டு, சளியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

ஜூன் 26

டிபி.

"ஆரம்பந்தான்க்கா. ஆறு மாசம் விடாம மாத்திரை போட்டா சரியாயிடும்" என்றாள் அருணா. அவள் போனதும் லோகு தன் பாயைச் சுருட்டி வாசல் பக்கம் கொண்டுபோனார். எனக்கு ஒட்டிக்கொள்ளுமாம். பைத்தியம்.

பயமாயிருக்கு. ரொம்பப் பயமாயிருக்கு.

ஜூலை 13, வியாழன்

லோகுவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வேலைக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் பஸ் வரும் நேரத்துக்கு முகக்கவசத்தோடு குழாயடிக்குப் போய் நின்றார். கூட வேலை செய்யும் ஜோஷ்வா தலையைக் குனிந்தபடி தாண்டப் பார்த்தான். இவர் விடவில்லை.

"கைய நீட்டுடா. நீ இருமிக்கினு வந்தத நானும் பஸ்ல கேட்டுக்கினுதான் இருந்தேன்."

அவனுக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். சோப்பு தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.